கிட் காரில் மிஸ்ஸிங்: பைக் இன்ஜின் எந்தச் சிலிண்டரில் நொண்டுகிறது, ஏன்?

பைக் இன்ஜினைக் கழற்றிக் கிட் காரில் (பாகங்களைச் சேர்த்து நாமே கட்டும் சின்னக் காரில்) உட்கார வைத்த நாளிலிருந்து அதன் பிழைப்பே மாறிவிடுகிறது. பைக்கில் டாங்க் தலைக்கு மேல் இருந்தது. கார்ப்ரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் தானாக இறங்கியது. காரில் டாங்க் பின்னால், தாழ்வாக இருக்கிறது. பம்ப் வைத்துத் தள்ள வேண்டும். பைக் வளைவில் சாயும், கார் சாயாது. பைக்கில் எதிர்க்காற்று இன்ஜின் மேல் நேராக அடிக்கும், காரில் பானெட்டுக்குள் வேக வேண்டியதுதான். 200 கிலோவை இழுத்த இன்ஜின் இப்போது ஆளோடு சேர்த்து 550, 600 கிலோவை இழுக்கிறது. ஒயரிங் நீண்டு, நடுவில் பத்து ஜாயின்ட் ஏறியிருக்கிறது. ஆகவே மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) அடித்தவுடன் இன்ஜின் ஹெட்டைக் கழற்றாதீர்கள். பைக்கிலிருந்து காருக்கு வரும்போது எது மாறியதோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நல்ல இன்ஜின்கள் பல, ஒரு எர்த் ஒயருக்காக அநியாயமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

நீலகிரியில் இதோடு உயரம், பனிமூட்டம், ஷெட்டில் குடியிருக்கும் எலி மூன்றும் சேர்கின்றன.

இங்கே சொல்வது 600 முதல் 1300 சிசி வரையிலான, நான்கு சிலிண்டர் வரிசையாக நிற்கும் ஜப்பான் பைக் இன்ஜின்களுக்கு. கையில் இருப்பது கார்ப்ரேட்டரா இன்ஜெக்ஷனா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் ஒன்றே, உள்ளே இருப்பது வேறு. யமஹா ஆர்6 1999ல் கார்ப்ரேட்டரோடு வந்தது, 2003 முதல் இன்ஜெக்ஷன். ஆர்1 2002லிருந்தும், ஹோண்டா சிபிஆர்600, சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600 இரண்டும் 2001லிருந்தும் இன்ஜெக்ஷனுக்கு மாறின. எந்த ஆண்டு இன்ஜினோ அந்த ஆண்டின் சர்வீஸ் மேனுவல்தான் வேண்டும்.

எந்தச் சிலிண்டர்?

பைக்கில் ஓட்டுபவரின் இடக்கைப் பக்கம் முதல் சிலிண்டர். காரில் இன்ஜினைத் திருப்பி வைத்ததும் இது குழம்பிவிடும். செயின் ஸ்ப்ராக்கெட் ஏறும் ஷாஃப்ட் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜின்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஸ்ப்ராக்கெட் இடப்பக்கம்தான். முன்னால் நீளவாட்டில் வைத்து நேராக ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கொடுத்த வண்டியில் 1 டாஷ்போர்டு பக்கமும், 4 ரேடியேட்டர் பக்கமும், எக்ஸாஸ்ட் பைப் காரின் இடப்பக்கமும் வரும். பின்னால் குறுக்குவாட்டில் வைத்துச் செயினில் ஓடும் பக்கியில் (குழாய்ச் சட்டத்தில் கட்டிய திறந்த வண்டியில்) பைக்கில் இருந்த மாதிரியேதான்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்து முப்பது வினாடி ஐட்லிங்கில் விடுங்கள். ஒரு துணியை நனைத்து, நான்கு எக்ஸாஸ்ட் பைப்பிலும் ஹெட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி ஒவ்வொரு சொட்டாகப் பிழியுங்கள். எரிகிற சிலிண்டரின் பைப்பில் சொட்டு விழுந்ததும் ‘சுர்’ரென்று துள்ளி மறையும், அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் நிற்கும். எரியாத சிலிண்டரில் சொட்டு அவசரமில்லாமல் வழிந்து, பைப்பின் அடிவயிற்றில் தொங்கி, தரையில் விழும். அரைகுறையாக எரிவது இரண்டுக்கும் நடுவே: கொஞ்ச நேரம் கொதித்துத்தான் காயும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் எண்ணாகவே கிடைக்கும். பைப்பில் துணிச்சுற்று போட்டிருந்தால் ஹெட்டை ஒட்டிய ஃப்ளாஞ்சில் அளவெடுங்கள். நேரம் கடத்தாதீர்கள், மூன்று நிமிடம் போனால் பக்கத்துச் சூடு பரவி நான்கும் ஒன்றுபோல் காட்டும்.

ஓடுகிற இன்ஜினில் பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தை இந்த இன்ஜினிடம் காட்ட வேண்டாம். வழியில்லாத மின்சாரம் இக்னிஷன் காயிலின் (பிளக்குக்குப் பொறி மின்சாரம் தரும் சுருளின்) உள் இன்சுலேஷனையோ இக்னிஷன் பாக்ஸையோ துளைத்துக்கொண்டு போகும். இன்ஜெக்ஷன் வண்டியில் சந்தேகம் இருந்தால் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது ஓட்டம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர்.

ஒரே சிலிண்டர், எப்போதும் செத்தே கிடக்கிறது

பிளக்கைக் கழற்றும் முன் பிளக் குழியை ஏர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். எஸ்டேட் ரோட்டுச் செம்மண் குழியின் அடியில் படிந்திருக்கும். பிளக் வந்த கையோடு அது சிலிண்டருக்குள் இறங்கும். பெரும்பாலும் 16 மி.மீ. பிளக் ஸ்பேனர், 10 மி.மீ. மரை. மரை சின்னது, ஹெட் அலுமினியம். இன்ஜின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும்.

பிளக் பெட்ரோலில் நனைந்து வந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்து, ஈரவாடையே இல்லாமல் வந்தால் பொறி இருக்கலாம், பெட்ரோல் வரவில்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளத்தால் ரிங்கோ வால்வு சீலோ. இந்த ஒரு பார்வையில் பாதி வேலை முடிந்துவிடும்.

நனைந்த பிளக் என்றால்: பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே போனால் பிளக்தான். போகவில்லையென்றால் கேப்பை மாற்றுங்கள்; ஒவ்வொரு பிளக்குக்கும் மேல் தனிக் காயில் உள்ள இன்ஜினில் காயிலையே மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது கெட்டது என்று தெரியாமலே போய்விடும், கெட்டது மறுபடி பெட்டிக்குள் போய் உட்காரும். ரெசிஸ்டர் கேப் வழக்கமாக 5 கிலோ ஓம் காட்டும். 10ஐத் தாண்டினாலோ, அசைக்கும்போது எண் ஆடினாலோ தூக்கிப் போடுங்கள். கேப் உள்ளே திருகி ஏறுவது என்றால் ஒயர் முனையில் 5 மி.மீ. வெட்டி, புதுச் செம்பில் மறுபடி திருகுங்கள். பச்சை பூத்த பழைய முனையில் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.

பொறி பார்க்க பிளக்கின் உடம்பை இன்ஜின் அலுமினியத்தில் அழுத்தி வைத்துத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள். திறந்திருக்கும் பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் புகை வரும், பக்கத்தில் பொறி வைத்தால் பற்றும். வெளிக்காற்றில் பிளக் இடைவெளியைத் தாண்டினால் மட்டும் போதாது, சிலிண்டருக்குள் அழுத்தம் உண்டு. இடைவெளி மாற்றக்கூடிய டெஸ்டரில் 6 மி.மீ. தாண்டி நீலமாக, ‘டிக்’ என்ற சத்தத்தோடு விழ வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் நூல் போல வந்தால் மலையேற்றத்தில் கைவிடும்.

காய்ந்த பிளக் என்றால்: கார்ப்ரேட்டரில் அந்தச் சிலிண்டரின் ஃப்ளோட் கிண்ணத்து ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். பம்ப் ஓடும்போது தொடர்ந்து வர வேண்டும். கொஞ்சம் வந்து நின்றால், கிண்ணத்துக்குள் பெட்ரோலைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜெக்டர் என்றால் நீள ஸ்க்ரூ டிரைவரை அதன் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். நான்கும் ஒரே மாதிரி ‘டக்டக்’ என்று அடிக்க வேண்டும். ஊமையாக இருப்பதன் மின்தடையைப் பாருங்கள். இந்த வகையில் பெரும்பாலும் 11 முதல் 14 ஓம் வரும், நான்கும் நெருங்கி இருக்க வேண்டும். தடை சரி, அடிக்கவில்லை என்றால் ஒயர்.

ஒயர் என்றதும் எலி. பகலெல்லாம் ஓடிய இன்ஜினின் சூட்டுக்கு இரவில் ஏறி வந்து கடிக்கும். கடித்த இடத்தில் செம்பு அறுந்து, மேலுறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். பார்த்தால் தெரியாது, அளந்தால் சில சமயம் தொடர்பும் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஒயர்க் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக வளைத்துக்கொண்டே வாருங்கள். ஓட்டம் மாறும் இடத்தில் டேப்பைப் பிரியுங்கள். வால்வு கவருக்கு மேலேயும், ஏர் பாக்ஸ் இருந்த இடத்தின் அடியிலும் முதலில் தேடுங்கள்.

இரண்டு சிலிண்டர் சேர்ந்து போகிறது

1, 4 சேர்ந்து போனாலும், 2, 3 சேர்ந்து போனாலும் காரணம் பெரும்பாலும் காயில் பக்கம்தான். பழைய இன்ஜின்களில் இரண்டே காயில்: ஒன்று 1-4க்கு, ஒன்று 2-3க்கு. மின்சாரம் ஒரு பிளக்கில் இறங்கி மற்றதில் ஏறித் திரும்புகிறது. அதனால் ஒரு பக்கத்துக் கேப் அறுந்தாலும் இரண்டும் தடுமாறும். புதுக் காயில் வாங்கும் முன் இரண்டு கேப்பையும் இரண்டு ஒயரையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். காயிலின் முதல் சுற்று பொதுவாக 2 முதல் 4 ஓம். கேப் இல்லாமல் ஒயர் முனைக்கு முனை 10க்கும் 20க்கும் இடையில் கிலோ ஓம். உங்கள் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை.

1-2, அல்லது 3-4 சேர்ந்து போனால் காயில் அல்ல. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் என்றால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தால் இரண்டும் ஒரே அளவு தாழ்ந்திருக்கும்.

ஐட்லிங்கில் நொண்டுகிறது, மிதித்தால் சரியாகிறது

கார்ப்ரேட்டரில் இது பைலட் ஜெட், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை. ஓட்டை அரை மி.மீ.கூட இருக்காது. இரண்டு மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி அடைக்கும். இப்போது பம்ப்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஓ-ரிங்கை ஊத வைக்கும். 1990களின் கார்ப்ரேட்டரை இந்தப் பெட்ரோலில் ஓட்டினால் ஓ-ரிங் முழுக்க மாற்றியே ஆக வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்கும் முன் கிண்ணங்களை வடித்துவிடுங்கள்.

ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்தச் சிலிண்டர் என்றைக்கும் கரி பிடிக்கும். கிளீனரில் ஊற வைத்து, ஏர் அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, காற்றுக் கசிவு. கார்ப்ரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருக்கும், அல்லது கிளாம்ப் சரியாக உட்கார்ந்திருக்காது. கிட் காரில் கார்ப்ரேட்டர் வரிசையைக் கழற்றிக் கழற்றிப் போட்டதில் இது சகஜம். த்ராட்டில் பாடியில் சிங்க்ரனைஸ் செய்யும் மூக்குக் குழாய்களில் சின்ன ரப்பர் மூடி மாட்டியிருக்கும். அதில் ஒன்று பிளந்தாலே போதும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஐட்லிங்கில் நொண்டும். கையில் சின்ன ஸ்ப்ரே பாட்டில், சோப்புத் தண்ணீர்; ஒவ்வொரு ரப்பராக நனையுங்கள். நனைத்த வினாடி ஓட்டம் மாறினால் கண்டுபிடித்தாயிற்று. பெட்ரோலோ கார்ப் கிளீனரோ அடித்துப் பார்க்க வேண்டாம். பானெட்டுக்குள் சிவந்த பைப் ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறது.

இரண்டும் சரியென்றால் வேக்குவம் கேஜ் நான்கையும் போட்டுச் சமப்படுத்துங்கள். அதிலும் ஒன்று மட்டும் அடங்காமல் தாழ்ந்தே நின்றால், வால்வு இடைவெளி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஐட்லிங் சுத்தம், ஏற்றத்தில் தடுமாறுகிறது

முதலில் இது மிஸ்ஸிங்தானா? ஆர்.பி.எம். தடங்கலில்லாமல் ஏறி, வண்டி மட்டும் வேகம் பிடிக்காவிட்டால் கிளச் வழுக்குகிறது. பைக் கிளச் எண்ணெயில் குளிப்பது. கார் இன்ஜின் ஆயில் ஊற்றினால் வழுக்கும், ஜாசோ எம்ஏ தர ஆயில்தான் வேண்டும். மிஸ்ஸிங் என்றால் முள் துடிக்கும், முதுகில் தட்டுகிற மாதிரி இருக்கும். ஊட்டி உயரத்தில் இன்ஜினின் பலம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையத்தான் செய்யும். அதையும் கோளாறு என்று தேடாதீர்கள்.

உண்மையான தடுமாற்றம் என்றால் வோல்டேஜிலிருந்து தொடங்குங்கள். காயில் பிளஸ் ஒயரில் மீட்டரை வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் வழியில் எங்கோ தின்கிறது. பைக் ஒயரிங்கை நீட்டிய கிட் காரில் இரண்டு வோல்ட் போனாலும் ஆச்சரியமில்லை. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாகக் காயிலுக்குத் தனி ஒயர் இழுப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

பிறகு எர்த். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் நிற்கிறது, சேஸிஸில் பவுடர் கோட்டிங். எர்த் ஒயர் முனையிலுள்ள லக்கின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டாமல் போல்ட் போட்டிருந்தால் மின்சாரம் போல்ட் மரை வழியாகத்தான் போய்வருகிறது. மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறு முனை வால்வு கவர் போல்ட்டில், செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 0.5 காட்டினால் பொறியில் விழும் குறையும் சென்சார்கள் சொல்லும் பொய்யும் அங்கிருந்துதான். பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்கு நேராக ஒரு தடித்த ஒயர், சேஸிஸுக்கு இன்னொன்று.

சார்ஜிங்கும் இதிலேயே அடங்கும். பைக் ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்), ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப், நான்கு விளக்கு எல்லாவற்றையும் ஐட்லிங்கில் தாங்காது. 5000 ஆர்.பி.எம்.மில் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா, ஃபேன் ஓடும்போது எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டையும் பாருங்கள். ஃபேன் ஓடும்போது மட்டும் மிஸ்ஸிங் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

மின்சாரம் சரியென்றால் பெட்ரோல். கார்ப்ரேட்டருக்கு 0.15 முதல் 0.25 பார் அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் காரின் பம்ப்பைக் கொண்டுவந்து மாட்டினால் 3 பார் தள்ளும். ஃப்ளோட் ஊசி அதன் முன் நிற்காது. கிண்ணம் வழிந்து, நான்கு பிளக்கும் கரியாகி, ஏற்றத்தில் மூச்சு முட்டும். ரெகுலேட்டர் போடுங்கள், அல்லது கார்ப்ரேட்டருக்கான குறைந்த அழுத்தப் பம்ப் வாங்குங்கள். இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும். நிற்கும்போது மட்டுமல்ல, கேஜை விண்ட்ஷீல்டில் ஒட்டிக்கொண்டு ஏற்றத்தில் மிதிக்கும்போதும் அது இறங்கக்கூடாது. பதிவில்லாத வண்டி என்றால் இந்தச் சோதனை ஓட்டம் எஸ்டேட் கேட்டுக்குள்ளேயே முடியட்டும். கல்லட்டி மலைப்பாதை போன்ற பொதுச் சாலையில் வேண்டவே வேண்டாம்.

ஒரு சிலிண்டர் மட்டும் அரை மிதிக்கு மேல் இழுக்கவில்லை என்றால், கார்ப்ரேட்டரின் மேல் மூடியைத் திறந்து ரப்பர் டயஃப்ரமை வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும், காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடு ஏறாது.

சமவெளியில் சரி, மலை ஏறியதும் கரி

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், குன்னூர் 1850, ஊட்டி 2240. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். கார்ப்ரேட்டருக்கு அது தெரியாது. கலவை 12 சதவீதம் அளவுக்குப் பெட்ரோல் கூடி நிற்கும். நான்கு பிளக்கும் ஒரே மாதிரி கறுக்கும், அதில் பலவீனமான ஒன்று முதலில் விழும். அந்த ஒன்றைக் குற்றம் சொல்லாதீர்கள். எண் விட்டத்தைக் குறிக்கும் ஜெட்டில் 110 இருந்தால் 105 போட்டுப் பாருங்கள். ஸ்லைடில் தொங்கும் ஊசியில் வெட்டு இருந்தால் கிளிப்பை ஒரு படி மேலே ஏற்றி ஊசியை இறக்குங்கள். நான்கிலும் ஒன்றுபோல்.

ஆனால் அதே வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலுள்ள ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், பழைய ஜெட்டைத் திரும்பப் போடாமல் ட்ராக்கில் இறங்கவே கூடாது. அங்கே கலவை வறண்டு, முழு மிதியில் பிஸ்டன் துளைபடும். கரி பிடித்த பிளக்கைத் துடைத்துவிடலாம், துளைத்த பிஸ்டனை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு செட் ஜெட்டையும் பெயர் எழுதிய டப்பாவில் வண்டியிலேயே வையுங்கள்.

இன்ஜெக்ஷனில் உயரத்தை ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) தானே சரிக்கட்டும். காற்றழுத்த சென்சாரின் கனெக்டர் கழன்றிருந்தாலோ, வேக்குவம் டியூப் வெடித்திருந்தாலோதான் இதே அடையாளம் தெரியும்.

வளைவில் மட்டும், அல்லது பிரேக் பிடிக்கும்போது மட்டும்

பைக் சாய்வதால் வளைவில் கிண்ணத்துப் பெட்ரோல் எப்போதும் அடியை நோக்கியே அழுந்தி நிற்கிறது. பைக்கின் முன்பின் ஆட்டத்தை அந்தக் கிண்ணம் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளல் அதற்குப் பழக்கமே இல்லை. எனவே குறுக்குவாட்டில் இன்ஜின் வைத்த பக்கி கொண்டை ஊசி வளைவில் தடுமாறும். நீளவாட்டில் வைத்த வண்டியில் பைக்கின் பக்கவாட்டு காரின் முன்பின்னாகிவிடுவதால், அது பிரேக்கிலும் திடீர் மிதியிலும் தடுமாறும். உங்கள் வண்டி எந்த வாட்டில் என்பதை வைத்தே கோளாறு எங்கே வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

கிண்ணமா டாங்க்கா என்று பிரிக்க, டாங்க்கை முழுக்க நிரப்பி அதே வளைவில் அதே வேகத்தில் போங்கள். சரியாகிவிட்டால் டாங்க்கில் பெட்ரோல் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கிறது. உள்ளே தடுப்புத் தகடுகளும், பம்ப்புக்கு முன் ஒன்று, ஒன்றரை லிட்டர் சேமிப்புக் குடுவையும் வேண்டும். நிறைத்த டாங்க்கிலும் அதே தடுமாற்றம் என்றால் ஃப்ளோட் உயரத்தை மேனுவல் அளவில் நான்கிலும் சரிசெய்யுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: பெட்ரோல் ஒதுங்கும் வண்டியில் சம்ப் (இன்ஜினின் அடித்தொட்டி) ஆயிலும் ஒதுங்கும். மிஸ்ஸிங்கோடு ஆயில் விளக்கு ஒரு கணம் மின்னினாலும் நிறுத்திவிடுங்கள். தடுப்புத் தகடு வைத்த சம்ப் இல்லாமல் அந்த வளைவை வேகமாக எடுத்தால் பேரிங் போகும்.

வளைவில் நான்கும் ஒரே அடியாக நின்று, சாவியை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறதா? அது கவிழ்வு சென்சார். சாயாத காரில் பக்கவாட்டு விசையை அது ‘வண்டி விழுந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. பைக்கில் இருந்த அதே நிலையில், அம்புக்குறி மேல்நோக்கி, ஆட்டமில்லாமல் பொருத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெட்டிவிட நினைத்தால், அதற்கு முன் மோதினால் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். கவிழ்ந்த வண்டியில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவருக்குத் தப்ப நேரம் கிடைக்காது.

மழையில், பனியில், காலையில் மட்டும்

கூடலூர், குந்தா பக்கம் ஜூன் தொடங்கி மழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில். பிளக் குழிதான் முதல் இடம். ஒவ்வொரு குழியிலிருந்தும் ஹெட்டின் பக்கவாட்டில் வெளியே வரும் சின்ன வடிகால் ஓட்டை ஒன்று உண்டு. மண் அடைத்தால் குழி கிணறாகிவிடும். பொறி பிளக் முனைக்குப் போகாமல் தண்ணீர் வழியாக ஹெட்டுக்கு இறங்கும். மெல்லிய கம்பியால் ஓட்டையைத் திறந்து, குழியை உலர்த்தி, கேப்பின் ரப்பர் உதட்டில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி அமுக்குங்கள். முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக இன்ஜினில் விழுகிறதென்றால் மட்கார்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் திரை.

இருட்டில் பானெட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினில் காயில் ஒயர் மேல் மெல்லிய தண்ணீர்த் தூவல் அடியுங்கள். கசியும் இடத்தில் நீலப் புழு நெளிவது கண்ணுக்கே தெரியும்.

பெட்ரோலில் தண்ணீரா என்று பார்க்க, டாங்க்கின் அடியிலிருந்து அரை லிட்டர் கண்ணாடிக் குப்பியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு நின்றாலும், முழுக்கக் கலங்கித் தெரிந்தாலும் டாங்க்கை வடியுங்கள். பாதி டாங்க்கோடு ஷெட்டில் நிற்கும் வண்டியில் டிசம்பர் இரவுக் குளிர் இதைச் செய்யும்.

பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு

டாங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்து, கோளாறும் போனால் வென்ட் அடைப்பு. இல்லையென்றால் சூடாகும் காயில். ஆறியபோது சரியான அளவு காட்டும், ஹேர் டிரையரில் சூடேற்றி அளந்தால் ஓடிப்போகும். எக்ஸாஸ்டுக்கு மேலே காயிலை மாட்டியிருந்தால் இடம் மாற்றாமல் எத்தனை புதுக் காயில் போட்டும் பயனில்லை.

எல்லாம் பார்த்தாயிற்று, அந்தச் சிலிண்டர் இன்னும் எழவில்லை

இப்போதுதான் கம்ப்ரெஷன். இன்ஜின் சூடாக, நான்கு பிளக்கும் வெளியே, பம்ப்பும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டு, ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்து, முள் ஏறி நிற்கும்வரை செல்ஃப். மேனுவலில் 12 பார் என்றிருந்தால் ஊட்டியில் 9 பார்தான் வரும், குன்னூரில் ஒன்பதரை. வெளிக்காற்றின் அழுத்தமே அந்த அளவில்தான் இருக்கிறது. இதைத் தெரியாமல் ரிங் போனதென்று இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். நான்குக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்தால், ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பிஸ்டனை மேல் நிலையில் நிறுத்திக் காற்று கொடுத்துக் கேட்டால் இடமே தெரியும்: எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்ரேட்டரில் சீறினால் இன்டேக், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட்.

வால்வு என்று தெரிந்ததும் ஹெட்டைத் தூக்காதீர்கள், முதலில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). முழுக்க ஆறிய இன்ஜினில், கேம் முனை எதிர்ப்பக்கம் பார்க்கும்போது அளக்க வேண்டும். இன்டேக் பெரும்பாலும் 0.10 முதல் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 முதல் 0.30, சரியான எண் மேனுவலில். இந்த இன்ஜின்களில் வால்வு தேயத் தேய இடைவெளி இறுகும். அதனால் சத்தமே வராது, கெடுவது தெரியாது. ஃபீலர் நுழையவே இல்லையென்றால் வால்வு முழுக்க மூடாமல் எரிவாயு கசிகிறது. ஷிம்மை (இடைவெளியை நிர்ணயிக்கும் சின்ன வட்டத் தகட்டை) மெல்லியதாக மாற்றி அளவுக்குக் கொண்டுவந்து, கையால் சில சுற்றுச் சுற்றி மறுபடி அளந்து, பிறகு கம்ப்ரெஷன் எடுங்கள். எழுந்துவிட்டால் வால்வு தப்பித்தது. எழாவிட்டால் அதன் விளிம்பு கருகிவிட்டது, அப்போது ஹெட் இறங்கட்டும்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது ஒரு ரப்பர் டியூபின் முனையில் செருகி விரலால் சுற்றி இறக்குங்கள். மரை மாறி ஏறினால் டியூப் வழுக்கிச் சொல்லிவிடும். உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர், 12 நியூட்டன் மீட்டர்.